சுவரில் இறுகும் சுண்ணாம்பு சேர்க்கை வினை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை நம் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு மாதிரி வினா விடை வந்திருந்தது. வேதிவினைகளின் வகைகள் என்ற பகுதியில், 'சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகுவது எவ்வகை வினை?' என்று ஒரு கேள்வி. விடை: 'சேர்க்கை வினை'. அந்த விடை தவறு. அடுத்த வாரம் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். ஒரு அஞ்சலட்டையில் முடித்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் வருடா வருடம் தடுமாறுகிற இடம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் அறிவியல் எடுத்தவள் நான். அதற்கும் முன்னால், வெள்ளையடிப்பவர் மகள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

சேர்க்கை வினைக்குப் புத்தகத்தில் உள்ள விளக்கம் சின்னது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் சேர்ந்து ஒரே ஒரு புதிய பொருளைத் தந்தால் அது சேர்க்கை வினை. இதில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது 'சேர்ந்து' என்ற சொல்லை. பெயரிலேயே சேர்க்கை இருக்கிறதல்லவா, அம்புக்குறிக்கு இடப்பக்கம் இரண்டு பொருளைப் பார்த்தவுடன் 'சேர்க்கை' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு பொருள் சேர்கிற வினைகள் எத்தனையோ இருக்கின்றன. அமிலமும் காரமும் சேர்கின்றன, துத்தநாகமும் அமிலமும் சேர்கின்றன. அவையெல்லாம் சேர்க்கை வினை ஆகிவிடாது. பார்க்க வேண்டிய சொல் 'ஒரே'. பார்க்க வேண்டிய பக்கம் வலப்பக்கம். அங்கே இரண்டாவதாக ஒரு பொருள் தலைகாட்டினால், அது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும், கண்ணுக்கே தெரியாமல் ஆவியாகிப் போனாலும், அது சேர்க்கை வினை இல்லை.

இதைச் சுண்ணாம்பை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பொருள் அது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பந்தல்குடி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் நிறையக் கிடைக்கும். தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே அய்யா காளவாசலுக்குப் போய் மூட்டை மூட்டையாகச் சுட்ட சுண்ணாம்பு எடுத்து வருவார். அங்கே ஒவ்வொரு கல்லாகக் கையில் தூக்கிப் பார்ப்பார். நன்றாக வெந்த கல் அதன் பருமனுக்குக் கனக்காது. கனத்தால் உள்ளே வேகவில்லை என்று ஒதுக்கிவிடுவார். நான் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தக் கைக்கு என்ன தெரிந்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. 100 கிலோ சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் வெந்தால் 44 கிலோ கார்பன் டைஆக்சைடாகக் காற்றில் போய்விடும். மிச்சம் 56 கிலோ கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. கல்லின் உருவம் பெரிதாக மாறுவதில்லை, எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடுகிறது. ஒன்று இரண்டாகப் பிரிகிற இந்த வினை சிதைவு வினை.

வீட்டு முற்றத்தில் பாதியாக வெட்டிய தார் டிரம் ஒன்று இருக்கும். அதில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் நிரப்பி, சுட்ட சுண்ணாம்பை ஒவ்வொரு கூடையாக அய்யா மெதுவாக இறக்குவார். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் கல்லுக்குள்ளிருந்து குமிழி வரும், சீறும், கல் வெடித்து மலரும், டிரம் முழுக்கக் கொதிக்கும். அடுப்பு இல்லை, விறகு இல்லை. பனிக்காலத்து விடிகாலையில் அந்த ஆவிக்கு முன்னால் நாங்கள் குளிர்காய்வோம், கிட்டே போகாமல். 'சுண்ணாம்பைத் தண்ணிக்குள்ள போடணும், தண்ணியச் சுண்ணாம்பு மேல ஊத்தக் கூடாது' என்று அய்யா ஒவ்வொரு தடவையும் சொல்வார். கொஞ்சத் தண்ணீர் நிறையச் சுண்ணாம்பில் விழுந்தால் அந்த இடத்தில் சூடு குவிந்து, நொடியில் ஆவியாகி, சுண்ணாம்பையும் சேர்த்து முகத்தில் அடித்துவிடும்.

என் தம்பி ஏழு வயதில் அப்படி ஒரு சொம்புத் தண்ணீரை மீதிச் சுண்ணாம்பு கிடந்த மூட்டையில் ஊற்றினான். அம்மா அவனைத் தொட்டிக்கு இழுத்துப்போய் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு குடம் குடமாக ஊற்றினாள். பார்வை போகாமல் பிழைத்தது. வலது கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடத்தை என்னால் வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் பார்க்க முடியவில்லை.

டிரம்மில் நடந்ததுதான் சரியான சேர்க்கை வினை. கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு. வலப்பக்கம் ஒன்றே ஒன்று, அதுதான் நீற்றுச் சுண்ணாம்பு. ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பு முழுதாக நீறும்போது வெளிவரும் வெப்பம் சுமார் 1,160 கிலோஜூல். அது வீணாகாமல் போய்ச் சேர்ந்தால் 30 டிகிரியில் இருக்கிற நாலு லிட்டர்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடும். அய்யாவின் டிரம் ஏன் கொதித்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். வகுப்பில் இதைச் செய்து காட்டினேன். தராசில் சரியாக 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நிறுத்து, எனாமல் கிண்ணத்தில் வைத்து, பிள்ளைகளை நாலு முழம் தள்ளி நிற்க வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, சின்னக் கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். மொத்தம் 30 மில்லி. சுண்ணாம்பு சீறி, பிளந்து, மாவாகப் பூத்தது. ஆறின பிறகு நிறுத்தால் 72 கிராம். 74 வர வேண்டும். கடைச் சுண்ணாம்பில் மண்ணும் வேகாத கல்லும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதனால் அந்த இரண்டு கிராம் குறைவு என்று சொன்னேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, 'டீச்சர், தண்ணி எங்க?' என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு துண்டுச் செய்தித்தாளைக் கிழித்து அந்த மாவின் மேல் வைத்துக் கரண்டியால் அழுத்தினேன். காகிதம் நனையவில்லை. அதை வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டேன். நான் விட்ட 30 மில்லியில் கொஞ்சம் ஆவியாகிப் போனது சரி. ஆனால் தராசு பதினாறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது, கையில் இருப்பதோ உலர்ந்த மாவு. அந்தப் பதினாறு கிராம் தண்ணீர் எங்கே? மணலில் தண்ணீர் ஊற்றினால் மணல் ஈரமாகும், வெயிலில் வைத்தால் காயும், பழைய மணல் கிடைக்கும். அது கலவை. இங்கே தண்ணீர் தண்ணீராக இல்லை. நீர் மூலக்கூறு பிரிந்து, ஆக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகிவிட்டது. வெயில் சூட்டில் மட்டும் அது வெளியே வராது. வெறும் சூட்டால் வர வேண்டுமானால் 500 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். சேர்க்கை வினை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இரண்டு பொருளும் தன் குணத்தை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. அதில் தண்ணீரின் ஈரமும் இல்லை, சுட்ட சுண்ணாம்பின் சீற்றமும் இல்லை.

இனி சுவருக்கு வருகிறேன்.

நீற்றின சுண்ணாம்பை அய்யா இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசையும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து மட்டையால் அடிப்பார். ஊறுகிற டிரம்மைக் கலக்காமல் வைத்திருந்தால் தெளிந்த தண்ணீருக்கு மேல் மெல்லிய ஏடு படியும், பால் ஆடை மாதிரி. விரலால் தொட்டால் கண்ணாடிச் சில்லாக நொறுங்கும். அந்த ஏடுதான் சுவரில் நடக்கப்போவதன் முன்னோட்டம். மேலிருந்து காற்று படுகிறது, காற்றில் இருக்கிற கார்பன் டைஆக்சைடு கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிகிறது, கரையாத கால்சியம் கார்பனேட் ஏடாகப் படிகிறது. அடியில் இருக்கிற சுண்ணாம்புக்குக் காற்று எட்டாததால் அது அப்படியே மெத்தென்று கிடக்கும். அடித்த அன்றைக்குச் சுவரில் சாய்ந்தால் சட்டை வெள்ளையாகும். இரண்டு மூன்று நாள் போனால் அவ்வளவாக ஒட்டாது, ஒரு மினுமினுப்பும் வந்திருக்கும். கல்லாக இருந்தது திரும்பவும் கல்லாகிறது.

சமன்பாடு இதுதான்: கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டைஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்.

அந்தக் கடைசிச் சொல்லைப் பாருங்கள். நீர் வருகிறது. மாதிரி விடை எழுதியவர் அதை விட்டுவிட்டார். 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் 44 கிராம் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்தால் 118 கிராம். சுவரில் தங்குவது 100 கிராம். மீதி 18 கிராம் தண்ணீராக வெளியேறுகிறது. பூச்சில் நாம் கலந்த தண்ணீர் காய்வது வேறு, இது வினையிலேயே பிறக்கிற தண்ணீர். சேர்க்கை வினையில் டிரம்முக்குள் மறைந்ததே ஒரு 18 கிராம், அதே தண்ணீர்தான் சுவரில் விடுதலையாகிறது. விளைபொருள் இரண்டு என்றான பிறகு இதைச் சேர்க்கை வினை என்று எப்படிச் சொல்வது?

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். சுட்ட சுண்ணாம்பு நேரடியாகக் கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் மட்டும்தான் கிடைக்கும். அது சேர்க்கை வினை, காளவாசலில் நடந்ததற்கு நேர் எதிர்த் திசை. பிள்ளைகள் இதையும் சுவர் உதாரணத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதோடு, பாடத்தில் டிரம் உதாரணத்துக்கு அடுத்த வரியிலேயே சுவரைப் பற்றிச் சொல்லும்போது, இரண்டும் ஒரே வகை என்ற எண்ணம் தானாக வந்துவிடும். சொல்லிக்கொடுக்கிறவர்கள் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் கொஞ்சம் நின்று, 'இது அது இல்லை' என்று சொன்னால் போதும்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை போன வருடம் அரையாண்டுத் தேர்வில் இதே கேள்விக்கு 'சேர்க்கை வினை அல்ல, நீரும் உண்டாவதால்' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் வேறு மாதிரி இருந்ததால் இரண்டு மதிப்பெண்ணும் போய்விட்டது. விடைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நீ எழுதியதுதான் சரி என்றேன். 'அப்ப ஏன் டீச்சர் தப்புப் போட்டாங்க?' என்றாள். திருத்தியவரோடு பேசு, சமன்பாட்டை எழுதிக் காட்டு என்று அனுப்பினேன். அவள் பேசவில்லை, பயம். இப்போது நம் நாளிதழிலும் அதே விடை வந்துவிட்டது. பேப்பரில் வந்துவிட்டது என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை மடித்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அதற்கப்புறம்தான்.

இன்னொரு தடுமாற்றத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். எரிவதெல்லாம் சேர்க்கை என்று நிறையப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மெக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டுவதால் வருகிற நினைப்பு அது. மெக்னீசியம் ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளைச் சாம்பலாக மெக்னீசியம் ஆக்சைடு ஆகிறது, 24 கிராம் எரிந்தால் 40 கிராம். எரிந்தால் எடை குறையும் என்று நம்பி வந்த பிள்ளைக்கு, கூடுகிறது என்பது பெரிய அதிசயம். கந்தகம் எரியும்போதும் எடை கூடுகிறது என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1772-ல் முத்திரையிட்ட உறைக்குள் எழுதிப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கொடுத்து வைத்தார். அவருக்கே அது அவ்வளவு பெரிய செய்தி. சரி, மெக்னீசியம் எரிவது சேர்க்கை. அடுப்புக்கரி எரிவதும் சேர்க்கை, கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டைஆக்சைடு. கரித் தணலுக்கு மேல் நீலமாக ஒரு சுடர் ஆடுமே, அது காற்றுப் போதாமல் உண்டான கார்பன் மோனாக்சைடு மேலே வந்து ஆக்சிஜனோடு சேர்வது. அதுவும் சேர்க்கைதான், ஒரு சேர்மமும் ஒரு தனிமமும் சேர்கிற வகை. ஆனால் கேஸ் அடுப்பு எரிவது சேர்க்கை இல்லை. அங்கே கார்பன் டைஆக்சைடு, நீர் என்று இரண்டு வருகின்றன. நம்பாதவர்கள் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைப் பற்றவைத்த அடுப்பில் வைத்து, முதல் அரை நிமிடம் அதன் வெளிப்புறத்தைப் பார்க்கட்டும். முத்து முத்தாக வேர்க்கும். மெழுகுவத்திக்கும் இதே கதைதான்.

சேர்க்கை வினை என்றால் வெப்பம் வெளிவரும் என்று மனப்பாடம் செய்கிறார்களே, அதுவும் முழுக்கச் சரியில்லை. பெரும்பாலும் வரும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆவதற்கு வெப்பத்தைக் கொடுக்க வேண்டும். நம்மைச் சுற்றி எந்நேரமும் இரண்டும் கலந்தே இருந்தும் சும்மா இருக்கின்றன, மின்னல் வெட்டினால்தான் அசைகின்றன.

ஆய்வகம் இருக்கிற பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒன்று செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிக் குச்சியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் இன்னொன்றை அம்மோனியாக் கரைசலிலும் தோய்த்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தொடாமல் பக்கத்தில் கொண்டுவந்தால் நடுவில் வெண்புகை எழும். நிறமில்லாத இரண்டு வாயு சேர்ந்து அம்மோனியம் குளோரைடு என்ற ஒரே திண்மம். இரண்டு சேர்மம் சேர்கிற வகைக்கு இதுதான் கண்ணில் நிற்கிற உதாரணம். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் இந்த இரண்டு புட்டியும் பீரோவுக்குள் பூட்டியே இருந்தன, பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிற வரைக்கும். சாவி கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்தது உண்டு.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. திருத்தம் போடும்போது 'இதழில் தவறாக அச்சாகிவிட்டது' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், காரணத்தையும் போடுங்கள். இடம் இருந்தால் கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

'சுட்ட சுண்ணாம்பு நீரில் நீறுவதும், நீற்றுச் சுண்ணாம்பு சுவரில் இறுகுவதும் ஒரே வகை வினையா? இல்லை. முதலாவதில் கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டுமே கிடைப்பதால் அது சேர்க்கை வினை. இரண்டாவதில் கால்சியம் கார்பனேட்டோடு நீரும் கிடைப்பதால் அது சேர்க்கை வினை அல்ல.'

அதற்குக் கீழே, கட்டம் கட்டி, இன்னொன்றும் போடுங்கள்: பிள்ளைகள் சுட்ட சுண்ணாம்பை வீட்டில் தனியாகச் செய்து பார்க்கக் கூடாது. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பானாலும், சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பானாலும், கண்ணில் பட்டால் தேய்க்காமல், இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நல்ல தண்ணீரால் குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
அருப்புக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்.